சின்னம்மாவின் தூள் கடை வட்ஸ்அப்பைப் பூட்டின கதை

நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கொக்குவிலில் சின்னம்மா வீட்டு லான்ட்லைன் அடித்தது. கரண்ட் நின்றால் "உங்கடையிலும் இல்லையோ" என்று கேட்கிற பின்வளவு மாமியைத் தவிர அந்த நம்பருக்கு இப்போது ஒருவரும் எடுப்பதில்லை. அன்றைக்கு எடுத்தது ரொறன்ரோவில் இருக்கிற வாடிக்கையாளர் அக்கா ஒருவர். "ஏன் திடீரெண்டு பாங்க் கணக்கை மாத்தினீங்கள்? ஆற்ற பேர் உது? வட்ஸ்அப்பில எடுத்தாலும் தூக்கிறீங்கள் இல்லை." கறித்தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்த சின்னம்மா அகப்பையைக் கீழே வைக்காமலே "நான் ஒண்டும் மாத்தேல்லையே பிள்ளை" என்றிருக்கிறார். அந்த மல்லி கருகிப் போனது, இரண்டு கிலோ.

பிறகுதான் எனக்கு எடுத்தார். நான் பாதுகாப்பு நிபுணர் ஒன்றும் இல்லை, டவுனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, ஆனால் சொந்தத்துக்குள் "கம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன்" என்று ஒரு தரம் பெயர் விழுந்துவிட்டால் பிரின்டர் முதல் கேபிள் ரிவி வரைக்கும் எல்லாம் உங்கள் தலையில்தான். அந்தக் கிழமையும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதமும் செய்த வேலைகளை எழுதி வைக்கிறேன். வீட்டில் இருந்தபடி தூளோ உடுப்போ கேக்கோ வட்ஸ்அப்பில் விற்கிற ஆட்கள் எங்கள் பக்கம் எக்கச்சக்கம், ஒருவருக்காவது உதவினால் சரி.

சின்னம்மாவின் வியாபாரம் சின்னது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வீட்டில் வறுத்து, மில்லில் கொடுத்து இடிப்பித்து, அரைக் கிலோ ஒரு கிலோ பைகளில் அடைப்பார். கூடவே ஒடியல் மா, குரக்கன் மா. திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது சூட்கேசில் தூள் இல்லாமல் பிளைட் ஏறமாட்டார்கள், அதனால் அந்த ஒரு மாதத்து ஓடர் மற்ற நாலு மாதத்துக்குச் சமம். ஓடர் முழுக்க வட்ஸ்அப் பிஸ்னஸில். விலாசம், காசு போட்ட சிலிப், எந்தத் திகதியில் பிளைட், வீட்டில் பகலில் யார் நிற்பார்கள், எல்லாம் அந்த ஒரு போனுக்குள். நான் அதுவரை இதை யோசித்ததே இல்லை.

போய்ப் பார்த்தால், இந்த நம்பர் வேறொரு போனில் பதியப்பட்டுவிட்டது என்ற அறிவித்தலோடு வட்ஸ்அப் எங்களை வெளியே தள்ளிவிட்டு நின்றது.

"ஆருக்காவது நம்பர் ஏதும் அனுப்பினீங்களோ சின்னம்மா?"

"ஓம். லண்டன் பிள்ளை கேட்டது. அதின்ர போனுக்குக் கோட் வரேல்லையாம், என்ர போனுக்கு வருமாம், ஆறு இலக்கம், பாத்து அனுப்பச் சொல்லிச்சு. அனுப்பினனான்."

லண்டன் பிள்ளை ஐந்து வருட வாடிக்கை. வந்த எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் இருந்தது, இதை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதிலேயே எழுதியும் இருந்தது, ஆனால் சின்னம்மாவுக்கு அதில் விளங்கியது இலக்கம் மட்டும்தான். கேட்டது லண்டன் பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளையின் கணக்கு முதல் நாளே இதே மாதிரிப் பறிபோயிருந்தது. சங்கிலி மாதிரி, ஒருவரின் பெயரில் போய் அடுத்தவரைப் பிடிப்பது.

வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இருந்து எல்லாச் செய்தியும் ஒரு போனில் பூட்டப்பட்டு மற்றப் போனில்தான் திறபடுகிறது, சிக்னல் செயலியில் இருக்கிற அதே பூட்டு முறை, நடுவில் நின்று அந்த நிறுவனமே வாசிக்க முடியாது. சின்னம்மாவின் ஒவ்வொரு உரையாடலின் உச்சியிலும் அந்தச் சின்னப் பூட்டுப் படமும் வசனமும் இருந்தன, நானும் அதைக் காட்டி "பயமில்லை சின்னம்மா, எல்லாம் பூட்டி இருக்கு" என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பூட்டு நல்ல பூட்டுத்தான். கள்ளன் அதைத் தொடவே இல்லை, வீட்டுக்காரியிடமே திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் செய்த மற்ற வேலை எல்லாம் இந்த ஒரு விசயம் விளங்கின பிறகு செய்ததுதான்.

சரி, திருப்பி எடுத்த விதம். சிம் எங்கள் போனில்தான் இருந்தது, ஆகவே செயலியைத் திறந்து சின்னம்மாவின் நம்பரையே மறுபடி பதிந்தேன், எஸ்எம்எஸ்ஸில் புது ஆறு இலக்கம் வந்தது, போட்டேன். அடுத்த திரையில் இன்னொரு ஆறு இலக்கப் பின் கேட்டது. நாங்கள் இரு படிச் சரிபார்ப்பு வைத்ததே கிடையாது, கள்ளன் உள்ளே போனவுடன் தனக்கு ஒன்று வைத்துவிட்டான். அவன் வைத்த பின் இலக்கம் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஆனால் ஒரு நல்ல விசயம், நாங்கள் எஸ்எம்எஸ் இலக்கத்தைப் போட்ட அந்த நிமிசமே அவன் போனில் கணக்கு மூடப்பட்டுவிடும், இரண்டாவது பின் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஆகவே இப்படி நடந்தால் முதலில் ஆட்களுக்குச் சொல்லுவோமா, பொலிசுக்குப் போவோமா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், முதல் வேலை அந்த இலக்கத்தைப் போட்டு அவனை வெளியே தள்ளுவது. மற்றது பிறகு. கோட் வரப் பிந்தினால் திரும்பத் திரும்ப அமத்தவும் கூடாது, ஒவ்வொரு அமத்தலுக்கும் காத்திருக்கிற நேரம் கூடிக்கொண்டு போகும்.

அவன் உள்ளே இருந்தது ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன எடுத்திருப்பான் என்று சின்னம்மா அன்றிரவு முழுக்கக் கேட்டார். பழைய உரையாடல்கள் அவனுக்குக் கிடைக்காது, அவை சின்னம்மாவின் போனிலும் கூகிளில் சேமிக்கிற பிரதியான பக்கப்பிலும்தான் இருக்கின்றன, நம்பரைப் பிடித்தவுடன் தானாகப் போய் இறங்காது. அவனுக்குக் கிடைத்தது இரண்டு: அந்த நேரத்தில் புதிதாக வந்த செய்திகள், பிறகு குழுக்கள். குழுதான் எங்களைக் கவிழ்த்தது. "தூள் ஓடர்" என்று ஒரு குழு வைத்து நூற்றி நாற்பது பேரைச் சேர்த்து விலைவாசியை அதில் போடுவது சின்னம்மாவின் பழக்கம். ஒரு அமத்தில் நூற்றி நாற்பது பேருக்கும் புதுக் கணக்கு இலக்கம் போயிற்று, "திருவிழாச் சலுகை, இண்டைக்குக் காசு போட்டால் பத்து வீதம் குறைவு" என்ற வசனத்தோடு. தமிழ் கொஞ்சம் கோணல். இருந்தாலும் வெள்ளவத்தை அன்ரி ஒருவர் 14,000 ரூபாய் போட்டுவிட்டார்.

வங்கிக்குச் சொன்னோம், பொலிசில் எழுதினோம், இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவித்தோம். காசு இன்னும் வரவில்லை. சின்னம்மா அந்த அன்ரிக்குத் தூளை அனுப்பிவிட்டார். "என்ர நம்பரில இருந்துதானே கேட்டது, அவ என்ன செய்வா" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழு நாள் வட்ஸ்அப் இல்லை, அதுவும் சீசனில். காப்பாற்றியது கொப்பி. ஒவ்வொரு ஓடரையும் சின்னம்மா சி.ஆர். கொப்பி ஒன்றில் எழுதுகிற ஆள்: திகதி, பெயர், எத்தனை கிலோ, உறைப்பு கூடவா குறைவா, யார் வந்து எடுத்தது. "உதெல்லாம் போனில இருக்குத்தானே" என்று நான் அதைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அந்த ஒரு கிழமையும் கொப்பியை வைத்து ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கோல் எடுத்தோம். சின்னம்மாவும் நானும் வேலைக்கு வருகிற பிள்ளையும் மாறி மாறி, கனடாவுக்கு இங்கே இரவு என்றால் அங்கே காலை, லண்டனுக்குப் பின்னேரம்.

எட்டாம் நாள் பின் இலக்கம் இல்லாமலே உள்ளே போக விட்டது. உடனே புதுச் செய்திகள் மடமடவென்று வந்து விழத் தொடங்கின. ஓடரும் வந்தது, பேச்சும் வந்தது.

முதலில் இரு படிச் சரிபார்ப்பு. ஆறு இலக்கப் பின், கூடவே ஒரு மின்னஞ்சல், பின் மறந்தால் திருப்பி எடுக்க. பிறந்த வருடம் வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம் என்றேன். அரை மணித்தியாலம் யோசித்து ஏதோ ஒன்று போட்டார், எனக்கே காட்டவில்லை. நல்லது. இரண்டு கிழமை கழித்து விடியக் காலையில் பதறிக்கொண்டு எடுத்தார், "தம்பி, கள்ளன் திரும்ப வந்திட்டான், பின் கேக்கிறான்." வட்ஸ்அப்தான் கேட்டது. மறக்காமல் இருப்பதற்காக இடைக்கிடை அதுவே கேட்கும், அதை நான் முதலே சொல்லி வைக்காதது என் பிழை. செயலிக்குள் பெட்டி வந்து கேட்டால் போடலாம், ஒரு ஆள் செய்தியிலோ கோலிலோ கேட்டால் அது கள்ளன், இதுதான் இப்போது சின்னம்மாவின் சட்டம். அதோடு போனின் மொழியையும் தமிழுக்கு மாற்றிவிட்டேன். அறிவித்தல்களை வாசித்துவிட்டு "உதென்ன சொல்" என்று கேட்கிறார், கேட்கிறதே பெரிய விசயம்.

அடுத்தது போன் பூட்டு. சின்னம்மாவின் போனுக்குப் பூட்டே இல்லை. ஏன் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். முப்பது வருடமாக மிளகாயும் மஞ்சளும் பிடித்த விரல்கள், நுனியில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, மேலே எப்போதும் ஒரு மெல்லிய தூள் பூச்சு. கைரேகைப் பூட்டுப் போட்டால் பத்துக்கு ஒரு தரம்தான் திறக்கும், அதனால் போன் கடையில் இருந்த பெடியனிடமே சொல்லி எடுப்பித்துவிட்டாராம். எந்த விரல் அடுப்பில் வேலை செய்வதில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடது கைச் சின்னி விரல். அதைத் துடைத்துவிட்டு, ஒரே விரலையே மூன்று தரம் வெவ்வேறு விரல் மாதிரிப் பதிந்தேன், இப்போது பத்துக்கு எட்டுத் தரம் திறக்கிறது, திறக்காவிட்டால் ஆறு இலக்கம் அடிக்கிறார். வட்ஸ்அப்புக்குள்ளும் தனியாக அதே சின்னி விரல் பூட்டு, பேரப்பிள்ளை யூடியூப் பார்க்கப் போனை எடுத்தாலும் உள்ளே போகாது. பூட்டின திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரியாமல் மறைத்தேன். மேசையில் கிடக்கிற போனில் ஆறு இலக்கம் பளிச்சென்று வந்து நின்றால் போன் பூட்டி என்ன பயன்.

சிம்மில் ஒரு நாள் முழுக்கப் போனது. போனைக் களவெடுத்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அந்த எஸ்எம்எஸ்ஸை எடுக்கலாம், அதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் இருக்கிறது. போடும்போது கவனம்: மூன்று தரம் பிழையாக அடித்தால் பியூகே என்ற திறக்கிற இலக்கத்தைக் கேட்கும், அதைப் பத்துத் தரம் பிழைத்தால் சிம் செத்துவிடும். நான் ஒரு தரம் பிழைத்தேன், பிறகு கை நடுங்கி சிம் வந்த பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் அடுத்ததை அடித்தேன். அட்டையைத் தேடும்போதுதான் தெரிந்தது, சிம் இன்னும் சித்தப்பாவின் பெயரில். அவர் போய் நாலு வருடம். நாளைக்கு இந்த சிம் துலைந்தால் புது சிம் கேட்டுப் போய் நிற்க ஆளில்லை, நம்பரும் போய்விடும், நம்பரோடு கடையும் போய்விடும். இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் கொண்டு இரண்டு தரம் அலைந்து சின்னம்மாவின் பெயருக்கு மாற்றினோம். கவுண்டரில் இருந்த பிள்ளை சித்தப்பாவின் பெயரை வாசித்து "இவர் வரேல்லையோ" என்று கேட்டபோது சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோல் திருப்பி விடுவதையும் பார்த்தேன். கோட்டை எஸ்எம்எஸ்ஸில் மட்டுமில்லை, கோல் எடுத்துச் சொல்லும்படியும் கேட்கலாம், ஆகவே உங்கள் கோல்களை யாராவது தன் நம்பருக்குத் திருப்பி வைத்திருந்தால் கோட் அவன் காதில் விழும். *#21# அடித்தால் திருப்பியிருக்கிறதா என்று காட்டும், ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. யாராவது போனில் பேசிக்கொண்டே "நட்சத்திரம் போட்டு இந்த இலக்கத்தை அடியுங்கோ" என்றால் வைத்துவிட வேண்டியதுதான்.

இனி நான் உண்மையாகவே பயந்த இடம். பக்கப். சின்னம்மாவின் உரையாடல்கள் எல்லாம் ஒவ்வொரு இரவும் கூகிளுக்குப் போகின்றன, ஐந்து வருட விலாசமும் சிலிப்பும். எந்தக் கூகிள் கணக்கு? சின்னம்மாவுக்குத் தெரியாது. பாஸ்வேர்ட்? "உது போன் வாங்கேக்க கடையில பெடியன் அடிச்சவன்." போனேன். பெடியன் நல்ல பெடியன், ஒளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான்: கடைப் பெயர், பின்னால் 123. எல்லா வாடிக்கையாளருக்கும் அதுதானாம், மறக்காமல் இருக்கும் என்று. கணக்கைத் திருப்பி எடுக்கிற நம்பராக அவன் நம்பர்தான் போட்டிருந்தது. அதாவது அந்த ஊரில் அவனிடம் போன் வாங்கின அத்தனை பேரின் படமும் பக்கப்பும் ஒரே திறப்பில் தொங்குகிறது, அவன் நினைக்காதபடியால் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை மாற்றினேன், அவன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரையும் சின்னம்மாவின் நம்பரையும் போட்டேன், கூகிளுக்கும் இரு படி வைத்தேன். பிறகு வட்ஸ்அப் பக்கப்பையே பூட்டினேன். 2021 கடைசியில் இருந்து இந்த வசதி இருக்கிறது, ஆனால் நாங்களாகப் போய் இயக்காவிட்டால் பக்கப், நடுவில் நிற்கிறவர் வாசிக்க முடியாத அந்தப் பூட்டு இல்லாமல்தான் கூகிளில் கிடக்கும். சொந்தப் பாஸ்வேர்ட் ஒன்று வைக்கலாம், அல்லது 64 இலக்கம் கொண்ட திறப்பு ஒன்றை அதுவே தரும். 64ஐ எழுதிப் பார்த்தேன், சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார், பாஸ்வேர்டுக்கே வந்தோம். துலைத்தால் வட்ஸ்அப்பும் திறக்காது, கூகிளும் திறக்காது, ஆகவே ஒரு தாளில் எழுதி றங்குப் பெட்டிக்குள் காணி உறுதியோடு வைத்திருக்கிறார். இதை விடப் பத்திரமான இடம் எங்கள் ஊரில் கிடையாது.

இவ்வளவும் செய்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்று கிழமை. ஒரு சனிக்கிழமை சும்மா இணைத்த சாதனங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு போனோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம், எங்களுடையதில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்று இருந்தது. விண்டோஸ் கம்பியூட்டர், முதல் நாள் பின்னேரம். என் கை குளிர்ந்துவிட்டது, ஆனால் வேலைக்கு வருகிற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு "அது கொமினிகேசன் அண்ணா" என்றது. பார்சலுக்கு ஒட்டுகிற விலாசத்தை அச்சடிக்க ஒவ்வொரு நாளும் சந்தியில் இருக்கிற கடைக்குப் போய், அங்கே வட்ஸ்அப் வெப்பில் போனைக் காட்டி, விலாசம் வந்த செய்தியைத் திறந்து பிரின்ட் எடுக்கும். லொக் அவுட் பண்ணுவதில்லை, நாளைக்கும் வரவேண்டும்தானே.

சாதனத்தை நீக்கிவிட்டு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அனுமதியோடு டவுன்லோட் போல்டரைத் திறந்தால், எங்கள் வாடிக்கையாளர்களின் விலாசம், சிலிப், அதோடு எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களின் அடையாள அட்டைகள், பாஸ்போட் முதல் பக்கங்கள், ஒரு ஆளின் இரத்தப் பரிசோதனை முடிவு. எங்களுடையதை அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கச் சொன்னேன். கடைக்காரர் பாவம், அவர் எதையும் பார்க்க நேரமில்லாத மனிசன். போன் ஒரேயடியாக ஓவ்வில் கிடந்தாலும் இணைத்த கம்பியூட்டர் 14 நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும் என்று சொன்னபோது அவருக்கே ஆச்சரியம்.

பிள்ளையைப் பேசி என்ன பயன், விலாசம் ஒட்டத்தானே வேணும். புளூடூத்தில் ஓடுகிற சின்ன லேபிள் பிரின்டர் ஒன்று வாங்கினோம், போனில் இருந்து நேரே அடிக்கும். இந்தக் கதையில் காசு கொடுத்து வாங்கினது இது ஒன்றுதான். பிள்ளையின் சொந்தப் போனில் "ஜிபி வட்ஸ்அப்" இருந்தது, கடைப் போனில் அதைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். யாரோ மாற்றிச் செய்த செயலிக்குள் உங்கள் செய்தி எங்கே போகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, வட்ஸ்அப் கண்டுபிடித்தால் நம்பரையும் நிறுத்தும்.

குழுவைக் கலைத்தோம். குழுவில் இருக்கிற எல்லாரும் எல்லாரின் நம்பரையும் பார்க்கலாம், தூள் வாங்க வந்த ஆளின் நம்பரை நூற்றி முப்பத்தொன்பது பேருக்குக் காட்டியிருக்கிறோம் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. விலைக்கு இப்போது ஒரு வட்ஸ்அப் சனல், அதில் பின்தொடர்கிறவர்களின் நம்பர் ஒருவருக்கு ஒருவர் தெரியாது. வயதான ஆட்கள் சனலைத் தேடிப் போகமாட்டார்கள், அவர்களுக்கு ஒலிபரப்புப் பட்டியல், ஒரு பட்டியலில் 256 பேர் வரை, ஆனால் எங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். பேஸ்புக் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு விலை மட்டும் சொல்கிறோம். மெசஞ்சரில் ஆட்களுக்கு இடையிலான உரையாடலுக்கு 2023 டிசம்பரில் இருந்து வட்ஸ்அப்பில் இருக்கிற அதே பூட்டு வந்தாலும் வியாபாரப் பக்கங்களோடு கதைப்பதற்கு அது இல்லை, ஆகவே விலாசமும் சிலிப்பும் அங்கே வேண்டாம்.

இடையில் கொழும்பில் இருந்து ஒருவர் வந்தார், தானாகப் பதில் சொல்கிற வசதி, நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே நம்பரில் வேலை செய்யலாம் என்று. கெட்ட ஆள் இல்லை, பெரிய கடைக்கு அது தேவையும்தான். ஆனால் அந்த வழியில் போனால் வாடிக்கையாளரின் செய்தி சின்னம்மாவின் போனில் திறபடாது, நடுவில் இருக்கிற சேவைக் கம்பனியின் கம்பியூட்டரில் திறபடும், உரையாடலின் தொடக்கத்தில் அதைச் சொல்கிற ஒரு வசனமும் வரும். "அப்ப ரொறன்ரோ பிள்ளை எனக்குச் சொல்லுறது அவைக்கும் கேக்குமோ?" என்றார் சின்னம்மா. கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். முடிந்தது.

வாடிக்கையாளர் பக்கத்தில் என்ன செய்வது என்பதுதான் கடைசி வரை இழுபட்டது. எங்கள் பக்கம் எவ்வளவு பூட்டினாலும் லண்டன் பிள்ளையின் கணக்கு மறுபடி போனால் மறுபடி வாசலில் கள்ளன். முதலில் நான் அந்த 60 இலக்கப் பாதுகாப்புக் கோட்டை ஒப்பிடுவது நல்லது என்று நினைத்தேன். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒன்று இருக்கிறது, ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கூறு, இரண்டு போனிலும் ஒரே இலக்கம் இருந்தால் நடுவில் யாருமில்லை. நேரில் நின்றால் கியூஆரை ஸ்கான் பண்ணலாம். லண்டனில் இருக்கிற மாமாவோடு சோதித்தோம். அவர் வாசிக்க, சின்னம்மா திருப்பிச் சொல்ல, நாலாவது கூறில் மாமா "எட்டு ஒண்டு சைபர்" என்று சொல்லிவிட்டு "பொறு, கண்ணாடி எடுத்திட்டு வாறன்" என்றார், கண்ணாடியோடு வந்தவர் மழை பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நாற்பது நிமிசம். கோட் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நூற்றி நாற்பது வாடிக்கையாளருக்கு இது நடக்காது.

ஆகவே அதன் அரைவாசியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாதுகாப்பு அறிவித்தலை இயக்கினால், ஒருவர் போன் மாற்றினாலோ அவர் நம்பரை வேறு போனில் பதிந்தாலோ உரையாடலின் நடுவில் கோட் மாறிவிட்டது என்று ஒரு வரி வரும். நாங்களாக இயக்க வேண்டும், தானாக வராது. அந்த வரி வந்தால் உடனே ஓடரோ காசோ கதைப்பதில்லை. சின்னம்மா கொப்பியை எடுத்து ஒரு கேள்வி கேட்பார்: போன முறை எத்தனை கிலோ, என்ன உறைப்பு? கொப்பி போனில் இல்லை, படமும் எடுக்கவில்லை, ஆகவே நம்பரைப் பிடித்தவனுக்குப் பதில் தெரியாது. வாடிக்கையாளருக்கும் அதே உரிமை, சின்னம்மாவில் சந்தேகம் வந்தால் அவர்கள் கேட்கலாம். எங்கள் கணக்கு இலக்கம் ஒவ்வொரு பையிலும் ஒட்டியிருக்கிறது, அது வட்ஸ்அப்பில் மாறாது, மாற வேண்டி வந்தால் லான்ட்லைனில் எடுத்துக் கேட்கலாம். இதைத் தூள் பைக்குள் ஒரு சின்னத் துண்டில் அச்சடித்துப் போடுகிறோம்.

செய்யாமல் விட்டதும் உண்டு. செய்திகள் தானாக மறைகிற வசதியை 90 நாளுக்கு வைக்கலாமா என்று கனநாள் யோசித்தேன். கணக்குப் பார்க்கிறவனாக எனக்குச் சிலிப் வேணும், விலாசம் வேண்டாம். கடைசியில் விலாசம் அனுப்புகிற வெளிநாட்டு உரையாடல்களுக்கு மட்டும் வைத்தோம், அதுவும் எதிர்ப்பக்கம் ஸ்கிரீன்சொட் எடுத்தால் ஒன்றுமில்லை. சிலிப் படங்கள் கலரிக்குள் போகாமல் நிறுத்தினேன், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் வங்கிச் சிலிப் நிற்கும். 2022இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சின்னம்மாவுக்குச் சொன்னேன், "தூள் விக்கிறதுக்கும் சட்டமோ" என்றார், ஆனால் அன்றைக்கே கொப்பியை மேசையில் இருந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

அந்த ஒரு வரி இதுவரை ஐந்து தரம் வந்தது. நாலு பேர் புதுப் போன் வாங்கினவர்கள், கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், ஒருவர் "என்னை நம்பேல்லையோ" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். ஐந்தாவது நான். போன மாதம் போனை மாற்றினேன், மாற்றின கையோடு சின்னம்மாவுக்கு "குரக்கன் மா ஒரு கிலோ எடுத்து வையுங்கோ, பின்னேரம் வாறன்" என்று அனுப்பினேன். பதிலாக வந்தது கேள்வி: "போன முறை என்ன வாங்கினனீர்?" வாழ்க்கையில் என்னை நீர் என்று கூப்பிடாத மனிசி. யோசித்துப் பார்த்தேன், ஒடியல் மாவா, தூளா, சத்தியமாக ஞாபகமில்லை. "சின்னம்மா, நான்தான்" என்று எழுதினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. கோல் எடுத்தேன், எடுக்கவில்லை. பின்னேரம் நேரே போனபோது மா கட்டி வைக்கவும் இல்லை, கொப்பியைத் திறந்து விரலால் காட்டினார்: அரைக் கிலோ தூள், உறைப்புக் குறைவு, காசு இன்னும் தரேல்லை.